கோயிலுக்கு நேர் எதிரே: இங்கிலீஷில் அந்த ‘நேர்’ எங்கே போகும்?

வாசகர் கேள்வி பதில்: இங்கிலீஷ் இலக்கணம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைச் சுற்றித்தான். ‘பின்னால்’, ‘முன்னால்’, ‘எதிரே’, ‘உள்ளே’ போன்றவற்றை இங்கிலீஷில் சொல்லத் தெரிகிறது. அதோடு ‘நேர்’, ‘சற்று’, ‘ரொம்ப’, ‘2 கிலோமீட்டர்’ என்று ஒரு அடைமொழி சேர்ந்துவிட்டால் கை நின்றுவிடுகிறது. ஆகவே எல்லாப் பதில்களையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள். இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஜவுளிக்கடைக்குப் புது விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்திருக்கோம். ‘கோயிலுக்கு நேர் எதிரே’ என்பதை மகன் ‘ஆப்போசிட் ரைட் டு டெம்பிள்’ என்று எழுதிக் கொடுத்தான். அச்சகத்துக்காரர் ‘டெம்பிள் டைரக்ட் ஆப்போசிட்’ என்கிறார். எதை அடிக்க? (வாசகர், திருநெல்வேலி டவுண்)

பதில்: இரண்டையும் அடிக்க வேண்டாம். ‘ரைட் ஆப்போசிட் த டெம்பிள்’ என்று அடியுங்கள். இல்லையென்றால் ‘டைரக்ட்லி ஆப்போசிட் த டெம்பிள்’.

மகன் தப்புப் பண்ணியதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘இங்கிலீஷ் தமிழுக்குத் தலைகீழ்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி மூன்று சொல்லையும் அப்படியே கவிழ்த்துவிட்டான். தமிழில் இருப்பது கோயிலுக்கு, நேர், எதிரே என்று மூன்று துண்டு. கவிழ்த்தால் எதிரே, நேர், கோயிலுக்கு. அதுதான் ‘ஆப்போசிட் ரைட் டு டெம்பிள்’. அச்சகத்துக்காரர் கவிழ்க்கவே இல்லை, தமிழ் வரிசையிலேயே நிறுத்திவிட்டார்.

உண்மையில் இடம் மாறுவது ஒரே ஒரு துண்டுதான், ‘கோயில்’. அது முன்னாலிருந்து கிளம்பி வால்பக்கம் போய் உட்காருகிறது. ‘நேர் எதிரே’ என்ற இரட்டை கட்டிய கயிறு அவிழாமல் அதே வரிசையில் நிற்கிறது: ‘ரைட் ஆப்போசிட்’. தமிழிலும் ‘எதிரே நேர்’ என்று யாரும் சொல்வதில்லை, இங்கிலீஷிலும் இல்லை. அடைமொழி எப்போதும் இடத்தைக் காட்டும் சொல்லுக்குத் தலைமாட்டில்தான்.

இன்னும் சிலவற்றில் வைத்துப் பாருங்கள். ‘வீட்டுக்குச் சற்றுப் பின்னால்’ என்பது ‘ஜஸ்ட் பிஹைண்ட் த ஹவுஸ்’. ‘பாலத்துக்கு 100 மீட்டர் கீழே’ என்பது ‘100 மீட்டர்ஸ் பிலோ த பிரிட்ஜ்’. ‘கடையிலிருந்து 200 மீட்டர் தள்ளி’ என்பது ‘200 மீட்டர்ஸ் அவே ஃப்ரம் த ஷாப்’. அளவானாலும் சரி, அடைமொழியானாலும் சரி, தமிழில் எந்தச் சொல்லை ஒட்டி நின்றதோ அதை ஒட்டியே இங்கிலீஷிலும் நிற்கிறது. பெயர் மட்டும்தான் இடம்பெயர்கிறது.

கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், நம் மொழிகளில் ‘எதிரே’, ‘பின்னால்’ போன்ற சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன என்பதை ஒரு அடையாளமாகவே குறித்திருக்கிறார். இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வருவதால் அதற்குப் பிரிபொசிஷன் என்று பேர். நம் பக்கத்து இடையன்குடியில் பல்லாண்டு இருந்தவர், தினமும் இந்த இரண்டு வரிசையையும் காதால் கேட்டிருப்பார்.

கார்டுக்குத் திரும்புவோம். மூன்று சில்லறைக் கவனிப்பு உண்டு. இடத்தைச் சொல்லும்போது ‘ஆப்போசிட்’டுக்குப் பின்னால் ‘டு’ தேவையில்லை. நம் ‘கோயிலுக்கு’வில் உள்ள ‘கு’தான் அந்த ‘டு’வை இழுத்து வருகிறது. ‘டெம்பிள்’ முன்னால் ‘த’ போடுங்கள். கோயிலின் பெயரை எழுதினாலும், ‘த நெல்லையப்பர் டெம்பிள்’ என்றால் குறையில்லை. மூன்றாவது, ‘ரைட்’ என்பதை வலப்பக்கம் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் இருந்தால் ‘டைரக்ட்லி’ போட்டுவிடுங்கள். வலப்பக்கம் என்றே சொல்ல வேண்டுமானால் அது வேறு கட்டு: ‘டு த ரைட் ஆஃப் த டெம்பிள்’. இதில் ‘ரைட்’டுக்கு முன்னால் ‘த’ வந்துவிட்டது, அது பெயர்ச்சொல் ஆகிவிட்டது. ‘ரைட் பிஹைண்ட் த டெம்பிள்’ என்றால் நேர் பின்னால். சோத்தாங்கைப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ‘ரைட்’ இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டும்தான் ஒட்டும். குறுக்குத்துறை முருகன் கோயில் ‘ரைட் இன் த ரிவர்’, ஆற்றுக்குள்ளேயே. ‘ரைட் ஆஃப்டர் லஞ்ச்’, சாப்பிட்ட கையோடு. ஆனால் ‘ரைட் பை பஸ்’, ‘ரைட் வித் எ நைஃப்’ என்று வராது. பஸ்ஸில் போவதும் கத்தியால் வெட்டுவதும் இடமுமில்லை, நேரமுமில்லை.

கேள்வி: ‘பிஹைண்ட் த டெம்பிள்’ என்பதற்குப் பதில் ‘பேக்சைடு ஆஃப் த டெம்பிள்’ என்று போர்டில் எழுதலாமா? எங்கள் ஊரில் பாதிப் போர்டு அப்படித்தான் இருக்கிறது. (வாசகி, வள்ளியூர்)

பதில்: வெளியூர்க்காரர் படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது என்றால் எழுத வேண்டாம். ஒரே சொல்லாக வரும் ‘பேக்சைடு’க்கு இங்கிலீஷில் முதல் பொருள் நாம் உட்காரும் இடம். ‘பிஹைண்ட் த டெம்பிள்’ போதும். ‘நேர் பின்னால்’ என்றால் ‘ரைட் பிஹைண்ட்’. கட்டடத்துக்குள்ளேயே பின்பகுதி என்றால் ‘அட் த பேக் ஆஃப் த டெம்பிள்’. இதே வரிசையில் ‘நியர்பை டெம்பிள்’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எதற்குப் பக்கத்தில் என்று காட்டும் பெயரை ‘நியர்பை’ தனக்குப் பின்னால் தாங்காது. ‘எ ஷாப் நியர்பை’ என்று முடித்துவிடலாம், ‘எ நியர்பை ஷாப்’ என்று கடைக்கு முன்னால் வைக்கலாம். கோயிலைச் சொல்ல வேண்டுமானால் வெறும் ‘நியர்’.

கேள்வி: ‘வெரி பிஹைண்ட் த ஸ்கூல்’, ‘வெரி பிஃபோர் த எக்ஸாம்’ என்று எழுதினால் மார்க் போகிறது. ஆனால் ‘வெரி நியர் த ஸ்கூல்’ மட்டும் சரியாம். இது என்ன ஓரவஞ்சனை? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: ஓரவஞ்சனை இல்லை, ‘நியர்’ கொஞ்சம் வேறு ஜாதி. நியர், நியரர், நியரஸ்ட் என்று அது படிப்படியாக ஏறும். ‘பிஹைண்ட்’ ஏறாது. ‘பிஹைண்டர்’, ‘பிஃபோரஸ்ட்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இப்படிப் படி ஏறும் சொல்லோடுதான் ‘வெரி’ சேரும். அதனால் ‘வெரி நியர்’, ‘வெரி குளோஸ் டு’ இரண்டும் சரி. ‘பிஹைண்ட்’, ‘பிஃபோர்’, ‘இன்சைடு’, ‘அபவ்’ எதோடும் சேராது. சந்தேகம் வந்தால் கடைசியில் ஒரு ‘அர்’ ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லையா, ‘வெரி’யை எடுத்துவிடுங்கள்.

தொந்தரவு எங்கே என்றால், தமிழில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல் எல்லா வீட்டுக்கும் போகும். ரொம்பப் பின்னால், ரொம்ப முன்னால், ரொம்ப உள்ளே, ரொம்ப உயரே. இங்கிலீஷில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஆள் தனியாக இருக்கிறார். அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நேரத்துக்கு இரண்டு பேர் முக்கியம், ‘லாங்’கும் ‘வெல்’லும். இருவரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘லாங் பிஃபோர்’ என்றால் வெகு காலம் முன்பே. நெல்லையில் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம், ஈரடுக்கு மேம்பாலம் வருவதற்கு ‘லாங் பிஃபோர்’. ‘வெல் பிஃபோர்’ என்றால் பதறாத அளவுக்கு முன்பே. ரயில் 8 மணிக்கு என்றால் 7-க்கே ஸ்டேஷனில் இருப்பது ‘வெல் பிஃபோர் 8’. பத்து வருஷத்துக்கு ‘லாங்’, ஒரு மணி நேரத்துக்கு ‘வெல்’ என்று வைத்துக்கொண்டால் காதுக்கு இடறாது. கொஞ்சம் முன்பு என்றால் ‘ஷார்ட்லி பிஃபோர்’ அல்லது ‘ஜஸ்ட் பிஃபோர்’. இங்கே ஒரு வேடிக்கை. ‘சூன் ஆஃப்டர்’ உண்டு, ‘சூன் பிஃபோர்’ வழக்கில் இல்லை. ‘ஷார்ட்லி’ இரண்டு பக்கமும் போகும். தேர்வில் சந்தேகம் வந்தால் ‘ஷார்ட்லி’யைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏமாற்றாது.

இடத்துக்கு வந்தால், மேலே என்றால் ‘ஹை’, கீழே என்றால் தூரத்தைச் சொல்லும் ‘ஃபார்’. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி பேரருவிக்கு ‘ஹை அபவ்’. அங்கிருந்து பார்த்தால் ஊர் ‘ஃபார் பிலோ’. ‘லோ பிலோ’ என்று சொல்வதில்லை. பின்தங்கியிருந்தால் ‘ஃபார் பிஹைண்ட்’. உள்ளே என்றால் ‘டீப் இன்சைடு’. எல்லைக்குள் பத்திரமாக இருப்பதைச் சொல்ல ‘வெல் இன்சைடு’, ‘வெல் வித்தின்’.

இடமும் இல்லாமல் நேரமும் இல்லாமல் ஒரு நிலையைச் சொல்லும் தொடர்கள் சில உண்டு: ‘அண்டர் பிரஷர்’, ‘அகெய்ன்ஸ்ட் த பிளான்’. இவற்றுக்கு ‘வெரி மச்’ பொருந்தும்: ‘வெரி மச் அகெய்ன்ஸ்ட் த பிளான்’. அந்த ‘மச்’ ஒரு ஆப்பு மாதிரி. அதை அடித்தால்தான் ‘வெரி’ நிற்கும்.

கேள்வி: காட்டின் உள்ளே ஆழமாக என்பதற்கு ‘டீப்லி இன் த ஃபாரஸ்ட்’ என்று எழுதினேன். அட்வெர்ப் என்றால் கடைசியில் ‘லி’ வர வேண்டும் என்றுதானே படித்தோம்? (வனத்துறைத் தேர்வுக்குப் படிப்பவர், களக்காடு)

பதில்: அந்த விதி பாதிதான். டீப், ஹை, ஃபார், லேட், வைடு, குளோஸ் இவை ‘லி’ போடாமலே அட்வெர்ப் ஆகும். அளந்து பார்க்கக்கூடிய தூரமோ நேரமோ என்றால் ‘லி’ போடாத வடிவம்தான். 1988-ல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காட்டைப் பற்றி எழுதினால் ‘டீப் இன் த ஃபாரஸ்ட்’. மனசு, கருத்து, உணர்ச்சி என்று போனால் ‘லி’: ‘டீப்லி இன் லவ்’. கடனுக்கு இரண்டும் வரும், ‘டீப் இன் டெட்’டும் ‘டீப்லி இன் டெட்’டும். கடன் ஆழத்தையும் அளக்கலாம், மனசையும் அரிக்கும் என்பதால் இருக்கலாம்.

சிலவற்றில் ‘லி’ போட்டால் பொருளே மாறிவிடும், அங்கேதான் மார்க் போகும். ‘லேட் இன் த ஈவ்னிங்’ என்றால் சாயங்காலம் பொழுது சாய்ந்த பிறகு. ‘லேட்லி’ என்றால் சமீப காலமாக. ‘ஹை அபவ்’ உயரே. ‘ஹைலி’ என்றால் மிகவும், அதுவும் பெரும்பாலும் ‘ஹைலி ஸ்கில்டு’ போல அட்ஜெக்டிவ் முன்னால். ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘நியர்லி த டெம்பிள்’ என்று எழுதினால் அது கிட்டத்தட்ட ஒரு கோயில் என்று ஆகிவிடும்.

கேள்வி: ‘பிஃபோர் 2 டேஸ் ஐ கேம்’ என்று சொன்னால் எல்லோரும் திருத்துகிறார்கள். ‘2 டேஸ் பிஃபோர்’ என்றால் சிலர் சரி என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். ஒரு முடிவு சொல்லுங்கள். (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: உங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவை வைத்தே முடிவு சொல்லலாம். தமிழில் இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆடித்தபசுக்கு 2 நாள் முன்னால் வந்தேன்.’ ‘2 நாளைக்கு முன்னால் வந்தேன்.’ இரண்டிலும் ‘முன்னால்’ இருக்கிறது. ‘கு’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதலாவதில் ஆடித்தபசோடு, இரண்டாவதில் 2 நாளோடு.

‘கு’ ஒரு நிகழ்ச்சியோடு ஒட்டியிருந்தால் ‘பிஃபோர்’. முன்னே சொன்ன அதே வரிசை, பெயர் மட்டும் வாலுக்குப் போகும்: ‘ஐ கேம் 2 டேஸ் பிஃபோர் ஆடித்தபசு’. ‘கு’ எண்ணோடு ஒட்டியிருந்தால் ‘அகோ’, அதுவும் எண்ணுக்குப் பின்னால்: ‘ஐ கேம் 2 டேஸ் அகோ’. இந்த இரண்டாவதில்தான் கால் வழுக்குகிறது. ‘2 நாளைக்கு முன்னால்’ என்பதில் 2 நாள்தான் ‘முன்னால்’ என்பதைத் தாங்கும் பெயர் மாதிரி தெரிகிறது. உடனே அதைப் பழக்கப்படி வாலுக்குத் தள்ளுகிறோம், ‘பிஃபோர் 2 டேஸ்’ பிறக்கிறது. தமிழ் இலக்கணப்படி சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறோம், விடை மட்டும் தப்பு.

‘அகோ’ இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணும். ‘பிஃபோர்’ வேறொரு புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணும். புள்ளி எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் ‘2 டேஸ் பிஃபோர்’ என்று மொட்டையாகவும் நிறுத்தலாம். ‘நான் போனபோது அவர் 2 நாள் முன்பே கிளம்பிவிட்டார்’ என்பது ‘ஹி ஹேட் லெஃப்ட் 2 டேஸ் பிஃபோர்’. இங்கே ‘ஹேட்’ வந்திருப்பதைப் பாருங்கள். உங்களைச் சரி என்றவர்கள் இந்த வாக்கியத்தை மனசில் வைத்திருப்பார்கள், இல்லை என்றவர்கள் ‘ஐ கேம்’ வாக்கியத்தை. ‘அகோ’வோடு ‘ஹேவ்’ சேர்க்காதீர்கள். ‘ஐ ஹேவ் கம் 2 டேஸ் அகோ’ தப்பு, ‘ஐ கேம்’தான்.

எதிர்ப்பக்கம்: ‘ஆடித்தபசு முடிந்து 2 நாள் கழித்து’ என்றால் ‘2 டேஸ் ஆஃப்டர் ஆடித்தபசு’. இன்றிலிருந்து 2 நாளில் வருவேன் என்றால் ‘இன் 2 டேஸ்’. ‘ஐ வில் கம் ஆஃப்டர் 2 டேஸ்’ என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறோம், புரியும்தான். எழுத்தில் ‘இன்’ போடுவதே நல்லது.

கேள்வி: ‘கிட்டத்தட்ட 10 வருஷமாக’ என்பதை ‘நியர்லி சின்ஸ் 10 இயர்ஸ்’ என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். அடைமொழி முன்னால்தானே வரும்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: முன்னால்தான். ஆனால் எதற்கு முன்னால்? அது எதைத் தொட்டுப் பேசுகிறதோ அதற்கு முன்னால். ‘கிட்டத்தட்ட’ என்ற சொல் 10-ஐத் தொடுகிறது, பிரிபொசிஷனை அல்ல. ஆகவே பிரிபொசிஷனைத் தாண்டி உள்ளே போய் எண்ணை ஒட்டி நிற்கும்: ‘ஃபார் நியர்லி 10 இயர்ஸ்’. கால அளவு என்பதால் ‘சின்ஸ்’ போய் ‘ஃபார்’ வந்துவிட்டது. ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளிக்கு, ‘சின்ஸ் 2015’ போல. ‘அபௌட்’, ‘ஆல்மோஸ்ட்’, ‘ரஃப்லி’ எல்லாம் இப்படித்தான். ‘அட் அபௌட் 6’ சரி, ‘அபௌட் அட் 6’ தப்பு. ‘எக்ஸாக்ட்லி’ மட்டும் ஊர்ச் செல்லப்பிள்ளை, ‘எக்ஸாக்ட்லி அட் 6’, ‘அட் எக்ஸாக்ட்லி 6’ இரண்டும் ஓடும்.

‘ஜஸ்ட்’டில்தான் கத்தி தீட்டியிருக்கிறது. ‘ஜஸ்ட் ஆஃப்டர் 5’ என்றால் 5 மணி தாண்டிய உடனே. ‘ஆஃப்டர் ஜஸ்ட் 5 மினிட்ஸ்’ என்றால் வெறும் 5 நிமிஷத்திலேயே. ஒரு சொல் ஒரு அடி நகர்ந்ததில் ‘உடனே’ என்பது ‘வெறும்’ என்று ஆகிவிட்டது. பஸ் வரும் நேரத்தைச் சொல்லும்போது இதைக் குழப்பினால் ஆள் பஸ்ஸை விட்டுவிடுவார்.

கேள்வி: ‘இன் குற்றாலம் ஒன்லி வீ பேத்டு’ என்று சொன்னதற்கு என் மருமகள் சிரிக்கிறாள். அவள் வெளியூரில் வளர்ந்தவள். (வாசகி, தென்காசி)

பதில்: சிரிக்கட்டும், தப்பு எங்கே என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் தமிழும் இங்கிலீஷும் அடைமொழியை ஒரே பக்கம் வைத்தன. இங்கே மட்டும் பிரிகின்றன. ‘தான்’, ‘மட்டும்’, ‘கூட’ எல்லாம் தமிழில் தொடருக்குப் பின்னால் ஒட்டும்: குற்றாலத்தில்தான், குற்றாலத்தில் மட்டும், குற்றாலத்தில் கூட. இங்கிலீஷில் ‘ஒன்லி’, ‘ஈவன்’, ‘எஸ்பெஷலி’ மூன்றும் தொடருக்கு முன்னால் ஏறிவிடும்: ‘ஒன்லி இன் குற்றாலம்’, ‘ஈவன் இன் குற்றாலம்’. நாம் ‘தான்’ இருக்கும் இடத்திலேயே ‘ஒன்லி’யை வைத்துவிடுகிறோம். ‘ஹியர் ஒன்லி’ என்பதும் அந்தக் குடும்பம்தான்.

அதோடு, நம் ‘தான்’ பல நேரம் ‘மட்டும்’ என்ற பொருளில் வருவதே இல்லை, வெறும் அழுத்தம். ‘நாங்க குற்றாலத்துலதான் குளிச்சோம்’ என்றால் வேறெங்கும் குளிக்கவில்லை என்று சத்தியம் பண்ணவில்லை. அப்போது ‘ஒன்லி’யே வேண்டாம். ‘இட் வாஸ் இன் குற்றாலம் தட் வீ பேத்டு’ என்றோ, குரலை அழுத்தி ‘வீ பேத்டு இன் குற்றாலம்’ என்றோ சொன்னால் போதும்.

இன்னொரு பொறி. ‘ஒன்லி’யோடு தொடங்கும் தொடரை வாக்கியத்தின் தலையில் வைத்தால் பின்னால் வரும் வினை புரண்டு விழும்: ‘ஒன்லி ஆஃப்டர் த ரெய்ன்ஸ் டிட் த ஃபால்ஸ் ஃபில்’. ‘மழைக்குப் பிறகுதான் அருவி நிரம்பியது’ என்பது அது. ‘ஜஸ்ட்’டுக்கு இந்தப் புரளல் கிடையாது: ‘ஜஸ்ட் ஆஃப்டர் த ரெய்ன்ஸ் த ஃபால்ஸ் ஃபில்டு’. இதை மருமகளிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் எ குட் அட் மேத்ஸ் பெர்சன்’ என்று எழுதலாமா? (வாசகர், நாங்குநேரி)

பதில்: கூடாது. அட்ஜெக்டிவ் தனியாள் என்றால் பெயருக்கு முன்னால் நிற்கும்: ‘எ குட் ஸ்டூடன்ட்’. ‘அட் மேத்ஸ்’ என்று ஒரு வால் முளைத்துவிட்டால் வாலோடு பெயருக்குப் பின்னால் போய்விட வேண்டும்: ‘எ ஸ்டூடன்ட் குட் அட் மேத்ஸ்’. விண்ணப்பத்தில் இன்னும் எளிது: ‘ஐ ஆம் குட் அட் மேத்ஸ்’.

இங்கும் கோயில் கதைதான். ‘கணக்கில் நல்ல கெட்டிக்காரன்’ என்பதில் ‘கணக்கு’ மட்டும் வாலுக்குப் போகிறது, ‘நல்ல கெட்டிக்காரன்’ வரிசை மாறுவதில்லை: ‘வெரி குட் அட் மேத்ஸ்’. ‘குறிப்பாக’ என்று சொல்ல ‘பர்ட்டிகுலர்லி குட் அட் மேத்ஸ்’. அதையே ‘குட் அட், பர்ட்டிகுலர்லி, மேத்ஸ்’ என்று நடுவில் செருகாதீர்கள். ‘டிஃபரன்ட்’, ‘சிமிலர்’ போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, தலை முன்னாலும் வால் பின்னாலுமாகப் பிரிந்து நிற்கலாம்: ‘எ டிஃபரன்ட் ஆன்சர் ஃப்ரம் யுவர்ஸ்’, ‘எ சிமிலர் ஜாப் டு திஸ்’.

விண்ணப்பத்தில் பயன்படும் சில இணைகள்: ‘ஃபுல்லி அவேர் ஆஃப்’, ‘கீன்லி இன்ட்ரஸ்டட் இன்’, ‘ஹைலி ஸ்கில்டு இன்’, ‘வெல் வெர்ஸ்டு இன்’. இவற்றில் ‘வெரி’யை நுழைத்து ‘வெரி அவேர் ஆஃப்’ என்று எழுதினால் பெரிய குற்றமில்லை, ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முன்னதையே விரும்புவார். ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்று ‘எட்’டை விட்டுவிடுவதுதான் நிஜமான குற்றம்.

கேள்வி: ‘மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறு வரைக்கும் பஸ் மெதுவாகத் திரும்பக் கீழே இறங்கி வந்தது.’ இத்தனை சங்கதியையும் ஒரே வாக்கியத்தில் எந்த வரிசையில் வைப்பது? (ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி)

பதில்: டீச்சர், மலைப்பாதை மாதிரியே கேள்வியும் வளைந்து வளைந்து வருகிறது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒரு ஒழுங்கு இருப்பது போல இதற்கும் உண்டு. முதலில் ‘முழுக்க’, ‘நேராக’ என்று அளவு சொல்வது: ‘ஆல் த வே’ அல்லது ‘ரைட்’ அல்லது ‘ஸ்ட்ரெய்ட்’. அடுத்து ‘பேக்’. அடுத்து திசை: ‘டவுன்’, ‘அப்’, ‘அவுட்’. கடைசியில் பிரிபொசிஷனும் பெயரும். ஆக, ‘ஆல் த வே பேக் டவுன் டு மணிமுத்தாறு’. மேலே போவதென்றால் ‘ரைட் பேக் அப் டு மாஞ்சோலை’. ‘டவுன் பேக்’, ‘பேக் ரைட்’ என்று இடம் மாறினால் காதே மறுத்துவிடும்.

‘மெதுவாக’ இந்தக் கோவையைச் சேர்ந்ததே இல்லை. கோவை முழுதும் ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பதில். ‘மெதுவாக’ என்பது ‘எப்படி’ என்ற கேள்விக்குப் பதில். மாணவர்களுக்கு ஒரு சோதனை கொடுங்கள். தொடரை ‘இட் வாஸ்’ என்பதற்கும் ‘தட்’டுக்கும் நடுவில் செருகச் சொல்லுங்கள். ‘இட் வாஸ் ரைட் பிஹைண்ட் த டெம்பிள் தட் வீ மெட்’ நிற்கும், ஏனென்றால் ‘ரைட்’ தொடரின் சொந்தப் பிள்ளை. ‘இட் வாஸ் ஸ்லோலி அக்ராஸ் த பிரிட்ஜ் தட் வீ டிரோவ்’ நிற்காது. ‘ஸ்லோலி’ வினையின் பிள்ளை, தொடரோடு ஊர்வலம் போக வராது.

அதனால் ‘ஸ்லோலி’யைக் கோவைக்கு நடுவில் செருகாமல் வினையை ஒட்டி வையுங்கள்: ‘த பஸ் கேம் ஸ்லோலி ஆல் த வே பேக் டவுன் ஃப்ரம் மாஞ்சோலை டு மணிமுத்தாறு’. ‘ஸ்லோலி’யைக் கடைசியில் வைத்தாலும் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் பஸ் மணிமுத்தாறு வந்து சேர்ந்த பிறகுதான் அது மெதுவாக வந்த செய்தி படிப்பவருக்குத் தெரியும்.

கேள்வி: லாட்ஜ் போர்டில் ‘5 கிலோமீட்டர்ஸ் டிரைவ் ஃப்ரம் தென்காசி’ என்று இருக்கிறது. ‘எஸ்’ வேண்டுமா? (வாசகர், குற்றாலம்)

பதில்: ‘டிரைவ்’ என்ற பெயர் பின்னால் வந்துவிட்டதால் வேண்டாம்: ‘எ 5-கிலோமீட்டர் டிரைவ் ஃப்ரம் தென்காசி’, நடுவில் சிறு கோட்டோடு. ‘டிரைவ்’வை எடுத்துவிட்டால் ‘எஸ்’ திரும்பி வரும்: ‘5 கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் தென்காசி’. ‘5 கிலோமீட்டருக்குள்’ என்று எழுத நினைத்தால் ‘வித்தின் 5 கிலோமீட்டர்ஸ் ஆஃப் தென்காசி’. அங்கே ‘ஃப்ரம்’ போகும், ‘ஆஃப்’ வரும். பெயின்டர் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் இதைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.